தையல் அளவுகள் என்ற ஃபோல்டர்

ஒரு ஃபைல் தானாக நகர்ந்து இன்னொரு ஃபோல்டருக்குள் போவதை முதன்முதலில் பார்த்த அன்று, ஒலிப்பதிவாளர் கையில் இருந்த காபியைக் குடிக்க மறந்துபோனார். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார், ஊருக்குள் வேலை பார்க்கும் கொழுந்தியாளைக் கூப்பிட்டார், பார்சல் கொடுக்க வந்து வாசலில் நின்றவரையும் கூப்பிட்டார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. நான் எதையும் தொடல" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். திரையில் ஃபைல் பெயர் மாறி, தேதி ஒட்டிக்கொண்டு, பக்கத்து ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது.

"அத்தான், ஃபைல்தான் நகருது. மலை நகரல" என்றாள் கொழுந்தியாள்.

பார்சல்காரர் மட்டும் மரியாதைக்கு "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டின் இரண்டாவது படுக்கையறைதான் ஒலிப்பதிவுக்கூடம். நடுவில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரெல்லாம் பஞ்சு அடித்த சின்ன அறைக்குள், மனைவி. இந்தப் பக்கம், கணினி முன்னால், அவர். அவள் அறிவிப்பாளர். லிஃப்டுகளில் "மூன்றாவது தளம்" என்று சொல்வது அவள்தான். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்வது அவள்தான். வங்கிக்கு போன் போட்டால், நம் அழைப்பு தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட்டு யாரிடமும் இணைக்காமல் விடுவதும் அவள்தான். தெருப் பிள்ளைகளுக்கு அவள் 'லிஃப்ட் அக்கா'.

வேலையில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பதிவு தொடங்கினால் முடியும்வரை நிறுத்துவதில்லை. நடுவில் நிறுத்தித் தொடங்கினால் குரலின் கனம் மாறிவிடும் என்பது ஒலிப்பதிவாளரின் கொள்கை. அதனால் ஒரு பதிவைக் கேட்டால் இப்படித்தான் இருக்கும்: "மூன்றாவது தளம். கதவுகள் திறக்கின்றன. ஏங்க, கேஸ் அணைச்சீங்களா? நான்காவது தளம்." கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒலிபெருக்கியில் "ஓடுது, ஓடுது, பேசாத" என்பார். "அணைச்சீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்பாள் அவள். அப்புறம் அவர் உட்கார்ந்து குடித்தனத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, தளங்களை மட்டும் வைத்துக்கொள்வார்.

கிளவுட் என்ற இணையச் சேமிப்பு வந்து, எது எங்கே போக வேண்டும் என்று அவர் கட்டளைகள் போட்டு வைத்த பிறகு, இந்த வேலை ஒரு தவம் மாதிரி ஆனது. பதிவு முடிந்ததும் ஃபைல் தானாக மேலே போய் 'பச்சை' என்ற ஃபோல்டரில் விழும். அவர் வெட்டிச் சீர்செய்தது 'சுத்தம்' ஃபோல்டரில் சேரும். சேர்ந்த கணமே வாடிக்கையாளருக்குக் கடிதம் பறக்கும். வாடிக்கையாளர் கட்டைவிரலால் 'சரி' என்று அமுக்கினால், சுத்தமானது 'முடிந்தவை'க்குப் போகும். பச்சையில் இருந்த மூலப்பதிவு அழிந்துபோகும். அந்தக் கடைசிக் கட்டளையில்தான் அவருக்குப் பெருமை அதிகம். "குப்பை சேத்து வைக்கற பழக்கமே நம்மகிட்ட கிடையாது" என்பார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கசங்கிய ரசீதுகள் இருக்கும். அது வேறு விஷயம்.

கட்டளைகள் மெல்ல வீட்டுக்குள்ளும் நுழைந்தன. மின்கட்டண ரசீதைப் படம் எடுத்தால் அதுவே போய் அதன் இடத்தில் படுத்துக்கொண்டது. திருமண நாளன்று காலையில் மனைவிக்கு வாழ்த்து தானாகப் போனது. படித்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே, வங்கிக் குரலில் அவள் பதில் சொன்னாள்: "உங்கள் வாழ்த்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து வரிசையில் காத்திருக்கவும்."

இத்தனை அதிசயங்களுக்கு நடுவில் அவருக்கு விளங்காத அதிசயங்கள் இரண்டு இருந்தன.

ஒன்று, மனைவியின் ஞாபகசக்தி. சண்டை என்று வந்தால் அவள் வார்த்தை பிசகாமல் எடுத்து வைப்பாள். "போன மழைக்காலத்துல, பேங்க் வேலை ஓடிட்டிருந்தப்போ, என்ன சொன்னீங்க? 'உன் தங்கச்சி எப்ப வேணா வந்து தங்கட்டும், எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல'ன்னு சொன்னீங்க. 'ஒரு' தொந்தரவும். இப்ப என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" அவருக்கே அது தன் குரலில் காதில் ஒலிப்பது போல இருக்கும். மறுக்க முடியாது. "இவ மனுஷியா, டேப்பா?" என்று வியந்து, தோற்று, எழுந்து போய்விடுவார்.

இரண்டாவது, கிளவுட்டில் எப்போதும் இடமே இல்லாதது. இடம் தீரப்போகிறது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. "நம்ம கணக்குல யாரோ குடியிருக்காங்க" என்று அவர் கொழுந்தியாளைச் சந்தேகத்தோடு பார்ப்பார். குடும்பக் கணக்கில் அவளுடைய பூனைப் படங்களும் உண்டு.

"எங்க பூனை ஒரே ஒரு ஃபைல்ல சுருண்டு படுத்துக்கும் அத்தான். இடம் அடைக்காது."

பிறகு மனைவியின் தொண்டை கரகரத்தது.

முதலில் சளி என்றார்கள். அப்புறம் அதிகம் பேசியதால் என்றார்கள். மருத்துவர் கடைசியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார். "உயிருக்குப் பயமில்ல. நல்ல நேரத்துல கண்டுபிடிச்சிட்டோம். குரல் மட்டும்தான்." அந்த 'மட்டும்' என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் மேசையில் இருந்த பேனாவைச் சரியாக நிமிர்த்தி வைத்தார்.

அதற்குள் அவள் குரல் பாதி காற்றும் பாதி மணலுமாகத்தான் இருந்தது. புதிதாக எதையும் பதிவு செய்ய முடியாது. செய்தால் மணல்தான் பதிவாகும்.

கொழுந்தியாள் வேலை பார்த்தது போன்களுக்குக் குரல் செய்யும் ஓர் இடத்தில். ஒருவர் பேசிய பதிவுகளைக் கொடுத்தால், இயந்திரம் அதைக் கேட்டுப் படித்துக்கொள்ளும். அப்புறம் அவர் போனில் தட்டச்சு செய்தால், போன் அவர் குரலில் பேசும். "எவ்வளவு பேச்சு இருக்கோ அவ்வளவும் வேணும் அத்தான்" என்றாள்.

ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த உலகத்தில் மனைவியின் குரலைத் தன்னைப் போல அடுக்கி வைத்திருக்கும் கணவன் வேறு யார்? 'முடிந்தவை' முழுவதையும், தூசி இல்லாமல், மூச்சு இல்லாமல், தேதிவாரியாக அனுப்பினார். அனுப்பியதும் அதுவாகவே நடந்தது. அவர் எதையும் தொடவில்லை.

மாதிரிக் குரல் ஒரு மதியம் வந்தது. சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கொழுந்தியாள் போனில் தட்டினாள்: 'காபியில சர்க்கரை கொஞ்சம் கம்மியா போடுங்க.'

போன் பேசியது. அச்சு அசல் அவள் குரல். ஆனால் காபி நான்காவது தளத்தில் வந்து நிற்பது போல இருந்தது.

"கோபமா எதாவது போடு" என்றார் ஒலிப்பதிவாளர்.

'இந்த ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டது யாரு?' என்று தட்டினாள். போன் அதை அவ்வளவு பணிவாகக் கேட்டது. கணவன் என்றால் ஒன்றை அழுத்தவும், மற்றவர்கள் என்றால் இரண்டை அழுத்தவும் என்று அடுத்து சொல்லும் என்று மூவருமே காத்திருந்தார்கள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். கொழுந்தியாள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒலிப்பதிவாளரும் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவள் மனைவி.

"மிச்ச காலம் பூரா," என்று கிசுகிசுத்தாள், "நான் உங்கள கதவு மூடற மாதிரியே கூப்பிடணுமா?"

கொழுந்தியாள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா வீட்ல பேசற பேச்சு வேணும் அத்தான்" என்றாள் கொழுந்தியாள். "சிரிக்கறது, திட்டறது, முணுமுணுக்கறது. அதான் நிறைய இருக்குமே, நீங்க பதிவுல வெட்டி எடுத்ததெல்லாம். மூலப்பதிவு எங்க?"

"அது... அழிஞ்சிடும்."

"அழிஞ்சிடும்னா? யார் அழிச்சா?"

"யாரும் அழிக்கல. அதுவே." இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. "நான் எதையும் தொடல."

இந்த முறை அந்தக் கைகளை யாரும் கிண்டல் செய்யவில்லை. அவரே அவற்றைக் கீழே இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேடினார். அழித்தவற்றைக் கிளவுட் சில வாரம் வைத்திருக்கும். ஆனால் அவள் கடைசியாகப் பதிவு செய்து மாதக்கணக்காகிவிட்டது. ஒன்றுமே இல்லை. போனில் இருந்த குடும்ப வீடியோக்களைத் தேடினார். எல்லா வீடியோவையும் எடுத்தவள் அவள்தான் என்பதால் அவற்றில் அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள். பிறகு 'பச்சை' ஃபோல்டரைத் திறந்து, அந்த வெறுமையைப் பார்த்தபடி இருந்தார். எவ்வளவு ஒழுங்கான வெறுமை! தானே செய்த ஒழுங்கு. பல வருட அதட்டலையும் முணுமுணுப்பையும் ஒரு துளி சிந்தாமல் துடைத்து எடுத்த ஒழுங்கு.

கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம், எப்போது கதவைத் திறந்து வந்தாளோ, பஞ்சு அறைக்குள் மனைவி நின்றிருந்தாள். பதிவு நாட்களில் நிற்கும் அதே இடம். கையில் போன். எதையோ அமுக்கப் போய், நிறுத்தி, அவரை ஒரு பார்வை பார்த்தாள். நீண்ட பேரத்தில் கடைசியாக விட்டுக்கொடுக்கும் ஆளின் பார்வை அது. பிறகு அமுக்கினாள்.

அவருடைய திரையில் அறிவிப்பு ஒன்று எழுந்தது. 'உங்களுடன் ஒரு ஃபோல்டர் பகிரப்பட்டுள்ளது: தையல் அளவுகள்.'

"இது எதுக்கும்மா இப்போ?" என்றார் ஒலிபெருக்கியில். "துணி தைக்கவா?"

திற என்று கை காட்டினாள்.

திறந்தார்.

உள்ளே தையலும் இல்லை, அளவும் இல்லை. ஒலிப்பதிவுகள். திரை நிறைய. உருட்டினார், இன்னும் வந்தன. விரல் வலிக்க உருட்டினார், இன்னும் வந்தன. எல்லாம் மூலப்பதிவுகள், வெட்டாதவை. ஒவ்வொன்றுக்கும் கீழே, பேசியதையெல்லாம் எழுத்தாக மாற்றிய ஒரு தாள். மேலே தேடுவதற்கு ஒரு கட்டம். அவற்றுக்கு நடுவே மேலும் சில ஃபோல்டர்கள், பெயர் வைத்து அடுக்கப்பட்டு: 'சத்தியமா செய்யறேன்னு சொன்னது'. 'சொல்லவே இல்லைன்னு சாதிச்சது'. 'எங்கம்மாவப் பத்திச் சொன்னது'. கடைசியாகச் சொன்ன ஃபோல்டர் மிகவும் கனமாக இருந்தது.

மனைவி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்று காற்றுக் குரலில் சொன்னாள். "இந்தக் கட்டளை எப்படிப் போடறதுன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா."

"நீ தூங்கிட்டிருந்த!"

"கண்ண மூடிட்டிருந்தேன்."

பச்சையில் எது விழுந்தாலும் அதன் நகல் ஒன்று இங்கே வரும். வந்ததும் பேச்சு எழுத்தாகும். அவ்வளவுதான் அவள் போட்ட கட்டளை. அவர் துடைத்துத் துடைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இத்தனை காலமும், துடைக்கும் முன்பே ஒரு நகல் சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. குடும்பக் கணக்கில் அவளுடைய பங்குக்குள், யாருக்கும் திறந்து பார்க்கத் தோன்றாத பெயரில்.

"அப்ப உன் ஞாபகசக்தி?" அவருடைய குரல் கீச்சென்றது. "வார்த்தைக்கு வார்த்தை சொல்லுவியே!"

அவள் ஒரு விரலை மேலே உயர்த்தி, கூரைக்கு அப்பால், மேகத்தைக் காட்டினாள்.

"பூனை மேல பழி போட்டேன்" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல்.

"தெரியும். அதுவும் பதிவாகியிருக்கு."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லிட்டா, அடுத்த சண்டைக்கு என்ன பண்றது?" என்றவள் சற்று மூச்சு வாங்கினாள். "இப்பவும் மனசே இல்லாமத்தான் குடுக்கறேன்."

கைக்கு வந்த ஒன்றை அவர் ஒலிக்கவிட்டார்.

கூடம் முழுவதும் அவள் நிறைந்தாள். "ஏழாவது தளம். எட்டாவது... ஏங்க, ஏழுக்கு அப்புறம் எட்டுதானே? சிரிக்காதீங்க, சொல்லிட்டே இருந்தா எல்லாம் மறந்துபோகுது." ஒரு வெடிச் சிரிப்பு. தண்ணீர் குடிக்கும் சத்தம். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, இளமையான, அவசரமான ஒரு குரல்: "ஓடுது, ஓடுது, பேசாத." "ஓடினா ஓடட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க, இந்த லிஃப்ட்ல போறவன் எவனாவது என்னைக்காவது எனக்கு நன்றி சொல்லியிருப்பானா?"

ஒலிப்பதிவாளர் ஒலியளவைக் கூட்டினார். ஒலியோடு வாழ்ந்த மனிதர். ஆனால் ஒரு குரலுக்குள் ஒரு வீடே இருக்கும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. பின்னணியில் குக்கர் கூவியது. யாரோ அழைப்புமணி அடித்தார்கள். அவள் "வரேன்" என்று கத்தினாள். அந்த ஒரு 'வரேன்' போதும்போல அவருக்கு இருந்தது. ஆனால் திரையை உருட்ட உருட்ட இன்னும் ஆயிரம் 'வரேன்'கள் இருந்தன. கீழே வானமும் மேலே வானமுமாக, நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத ஓர் இடத்தில் நிற்பது போல அவருக்குத் தலை சுற்றியது.

கொழுந்தியாள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி அக்கா" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் உயர்ந்த பாராட்டு வருவதில்லை.

தன் அலுவலகக் கட்டளைகளோடு அந்த ஃபோல்டரை இணைத்தாள். மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்தது: 'கேள்வி'. அடுத்து 'சிரிப்பு'. 'அதட்டல்'. 'முணுமுணுப்பு'. பதிவுகள் துண்டு துண்டாகப் பிரிந்து, பெயர் மாட்டிக்கொண்டு, வரிசை கலையாமல் தம் இடம் தேடிப் போய்க்கொண்டே இருந்தன. பள்ளி விட்ட பிள்ளைகள் அவரவர் வீட்டு வாசலை அடையாளம் கண்டு நுழைவது போல. எந்தக் கையும் அவற்றைத் தொடவில்லை. அன்றும் காபி ஆறிப்போனது.

அதட்டல்தான் பெரியது. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அடுத்து பெரியது சிரிப்பு. ஒலிப்பதிவாளர் அதை இரண்டு முறை சரிபார்த்தார்.

கடைசியில் ஒரு ஃபோல்டர் மிஞ்சியது. 'வகைப்படுத்த முடியாதவை'. திறந்தார். துண்டு துண்டாகக் காற்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் இழுக்கும் சின்ன மூச்சு. ஒலிப்பதிவாளருக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம். ஒவ்வொரு அறிவிப்பின் தலையிலிருந்தும், பூச்சி பொறுக்குவது போல, அவர் பொறுக்கி எறிந்த சத்தம்.

"இதையும் சேத்துக்க" என்றார் கொழுந்தியாளிடம்.

"மூச்சு எதுக்கு அத்தான்? இது வெறும் இரைச்சல்தானே?"

"சேத்துக்க."

அறுவைச் சிகிச்சை நாள் காலையில் மருத்துவமனை லிஃப்டில் ஏறினார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அவரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண், மூலையில் இவர்கள். "நான்காவது தளம். கதவுகள் திறக்கின்றன" என்றது லிஃப்ட். மனைவி உதட்டைச் சுழித்தாள். தன் குரலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே இறங்கினாள். ஒலிப்பதிவாளர் ஒரு நொடி பின்தங்கினார். கதவு மூடும்முன், கூரையில் இருந்த ஒலிபெருக்கியின் சின்ன ஓட்டைகளைப் பார்த்து, "நன்றி" என்றார். சக்கர நாற்காலிப் பெரியவர் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

மறுநாள் பிற்பகல் உள்ளே விட்டார்கள். கழுத்தில் கட்டு, கையில் ஊசிக் குழாய், தலையணை உயரத்தில் போன். ஒலிப்பதிவாளர் கட்டிலருகே போய் நின்றார். என்ன பேசுவது என்று தயார் செய்து வந்ததெல்லாம் எங்கோ நகர்ந்து போயிருந்தது.

அவள் மெதுவாகத் தட்டினாள். ஒரு விரலால். நிறுத்தி, ஏதோ அழித்து, மறுபடி தட்டினாள். பிறகு அமுக்கினாள்.

போனிலிருந்து முதலில் வந்தது ஒரு மூச்சு.

சின்னது. வாக்கியத்துக்கு முன்னால் வருவது.

"ஏங்க," என்றது போன். அவளேதான். லிஃப்ட் இல்லை, வங்கி இல்லை. துடைத்த கையோடு அடுப்படி வாசலில் வந்து நிற்கிறவள். "வீட்ல கேஸ் அணைச்சிட்டு வந்தீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. நல்ல சத்தமாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். செவிலியர் ஓடிவந்து, "சார், இங்க சத்தம் போடக் கூடாது" என்றார்.

கட்டிலில் இருந்தவள் மறுபடி தட்டினாள். மறுபடி அந்த மூச்சு.

"ஓடுது, ஓடுது. பேசாதீங்க."

செவிலியர் போனையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேனே" என்றார்.

ஒலிப்பதிவாளர் கண்களைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பிறகு, தூக்கிய கைகளோடு அப்படியே நின்று, யோசிக்கத் தொடங்கினார். கேஸை அணைத்தாரா இல்லையா என்று அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.